மெஷினுக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டுத் தையல் மெஷின் என் மனைவியின் கல்யாணச் சீரோடு வந்தது. கட்டில், பீரோ, பித்தளைக் குடம், அதோடு மெஷின். கூடத்து ஜன்னலோரம் வைத்தார்கள். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அதன்மேல் என்னென்னவோ இருந்தது: இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி, பிள்ளைகளின் பள்ளிப் பை, ஒரு தடவை ஒரு வாரம் முழுக்க ஒரு பலாப்பழம். தைக்கத்தான் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வருபவர்களிடம் அவள் அதைக் காட்டி, "எங்கப்பா குடுத்த மேஜை" என்பாள்.

உட்கார்ந்தது நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தவன், ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். முதல் வாரம் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தேன். இரண்டாவது வாரம் வீட்டிலிருந்த கதவுக் கீல்களை எல்லாம் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினேன். மூன்றாவது வாரம் கிரைண்டரைக் கழற்றும்போது என் மனைவி வந்து நின்றாள்.

"யோவ், அத்த உடு. நாளைக்கு இட்லிக்குப் போடணும். கை சும்மா கீறதுக்குப் பழகல உனுக்கு. கழட்டணும்னா அந்த மேஜைய கழட்டு. அது கெட்டுப்போனா யாரும் பட்டினி கெடக்க மாட்டாங்க."

இப்படித்தான் நான் தையல்காரன் ஆனேன். பாடம் சொல்லிக் கொடுத்தது செல்போன். முதலில் தைத்தது தலையணை உறை. நான்கு பக்கமும் அழகாகத் தைத்து முடித்த பிறகுதான் தலையணையை எந்த வழியாக நுழைப்பது என்ற கேள்வி வந்தது. அந்த உறையை என் மனைவி இன்னும் வைத்திருக்கிறாள். நான் பெருமை பேசும் நாட்களில் எடுத்துவந்து மடியில் போடுவாள்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மெஷின் கடமுடவென்று சத்தம் போட்டது. எண்ணெய் கேட்கிறது என்று தெரிந்தது. லேத்துக்கு எத்தனை டின் எண்ணெய் ஊற்றியிருப்பேன், இது என்ன பிரமாதம் என்று சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து எல்லா ஓட்டையிலும் விட்டேன். இரண்டு வாரம் வெண்ணெய் மாதிரி ஓடியது. மார்கழிக் குளிர் வந்ததும் உள்ளே போன எண்ணெய் உறைந்து பிசினாகி, பெடலை மிதித்தால் சேற்றில் சைக்கிள் ஓட்டுவது மாதிரி ஆகிவிட்டது. கரையான்சாவடியில் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் தலைப்பகுதியைத் திறந்தார், முகர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்தே, இத்த ரிப்பேர் பண்றதா, இல்ல கறிவேப்பில போட்டு தாளிக்கிறதா?"

மண்ணெண்ணெயில் கழுவி, மெஷின் எண்ணெய் விட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். துணியை நகர்த்தும் இரும்புப் பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சை வாரம் ஒருமுறை அதனால்தான் எடுக்க வேண்டும், மறுபடி தேங்காய்ச் சில்லு எதுவும் உள்ளே போடக் கூடாது என்று கண்டிப்பும் சொன்னார். அன்றிலிருந்து மெஷினும் நானும் ஒற்றுமையாகிவிட்டோம். தெருவில் புடவைக்கு ஃபால்ஸ், பள்ளிச் சட்டைக்குப் பொத்தான், பெண்பிள்ளைகளுக்குக் கவுன் என்று வேலை வர ஆரம்பித்தது. யார் துணி கொண்டு வந்தாலும் கூடவே ஒரு பேச்சும் கொண்டு வருவார்கள். எனக்குத் துணியைவிட அந்தப் பேச்சுதான் பிடிக்கும்.

அப்படி வந்ததுதான் அந்த வெள்ளைப் பட்டுப் புடவை.

எங்கள் மாடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் குடியிருக்கிறது. அவர் லாரி ஓட்டுகிறார், வடநாட்டுப் பக்கம் போனால் வர இருபது நாள் ஆகும். அந்தப் பெண் முகப்பேரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. அந்த வருடம் பிள்ளைக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள், வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் பூமுடி வைத்து, மெழுகுவர்த்தியோடு வரிசையில் போவார்கள். ஆயுத பூஜை முடிந்த கையோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று கோயிலில் முடிவாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை, ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் இறங்கி வந்தார்.

"அண்ணா, இதுல ஒரு கவுன் தைக்க முடியுமா?"

பிரித்தால் தந்த நிறத்தில் வெள்ளைப் பட்டு, நாலு விரல் அகலத்துக்கு வெள்ளிச் சரிகை பார்டர். பாச்சா உருண்டை வாசம் கூடம் முழுக்கப் பரவியது.

"இது உன் கல்யாணப் புடவை இல்ல?" என்றாள் என் மனைவி.

"ஆமாக்கா. பத்து வருஷமா பீரோவுல தூங்குது. வெள்ளைய கட்டிகிட்டு நான் எங்க போறது? அவ போட்டு நடக்கட்டும்னு தோணிச்சு. அவ வேற ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா, எங்கம்மா கல்யாணப் புடவையிலதான் எனக்கு கவுனுன்னு."

"உன் ஊட்டுக்காரரு இன்னா சொன்னாரு?"

அந்தப் பெண் பையின் கைப்பிடியை முறுக்கினார். பிறகு சொன்னார்.

"அவர்கிட்ட இன்னும் சொல்லலக்கா. அவர் எடுத்த புடவை. அவரோட மொத சம்பளம் சேத்து எடுத்தது. சனிக்கிழமை மத்தியானம் வந்துடுவேன்னு சொல்லியிருக்கார். கவுனா பாத்தா சந்தோஷப்படுவார், எனக்குத் தெரியும். துண்டா பாத்தாதான்…"

சொல்லாமல் விட்ட பாதி எங்கள் இருவருக்கும் புரிந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அது புடவையாகவும் இல்லாமல் கவுனாகவும் இல்லாமல் கிடக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

நான் கத்தரிக்கோலை எடுத்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க வெட்டுங்கண்ணா. நான் அக்காகூட உள்ள இருக்கேன். வெட்டினப்புறம் சொல்லுங்க." இரண்டு பேரும் சமையலறைக்குள் போய்விட்டார்கள். பட்டில் கத்தரி ஓடுகிற சத்தம் இருக்கிறதே, அது காகிதத்தில் ஓடுவது மாதிரி இருக்காது, கொஞ்சம் அழுத்தமாக மூச்சு விடுவது மாதிரி இருக்கும். உள்ளே பேச்சு நின்றுபோனது. மேல் உடம்புக்கு நான்கு துண்டு, கைக்கு இரண்டு, பாவாடைக்குப் பார்டரோடு இரண்டு. வெட்டி முடித்துக் கூப்பிட்டேன். மிச்சம் விழுந்த ஒரு நீளத் துண்டை எடுத்து அவர் விரலில் சுற்றிக்கொண்டார். "சரி. இனிமே புடவை இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியேறிப் போனார்.

மறுநாள் புதன்கிழமை ஆயுத பூஜை. அன்று மெஷினைத் தொடக் கூடாது.

எஸ்டேட்டில் இருந்தவனுக்கு ஆயுத பூஜை என்றால் எப்படி என்று கேட்க வேண்டியதில்லை. முப்பது வருடம், பட்டறையில் இருந்த ஒவ்வொரு லேத்துக்கும் நானே சந்தனம் குழைத்து, உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தவன். ஆனை மாதிரி நிற்கும் அந்த இரும்பு. ஒரு கிலோ சந்தனம் அப்பினாலும் அதற்கு உறைக்காது. அந்தக் கையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஸ்கூட்டர், சைக்கிள், கிரைண்டர், மிக்சி, ஃபிரிட்ஜ், டிவி ரிமோட் என்று ஒன்றையும் விடவில்லை. என் மனைவி குக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு, "இத்தயாவது உடுய்யா, சோத்துல சந்தனம் மணக்கும்" என்றாள்.

மெஷினுக்கு மட்டும் விசேஷ கவனிப்பு. தேங்காய் எண்ணெய் விஷயத்தில் அதற்கு நான் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருந்தேன். முகப்பில், நூல் போகிற வழியில், ஒரு திருகு குமிழ் இருக்கும். பார்ப்பதற்கு அதுதான் மெஷினுக்கு மூக்கு மாதிரி இருக்கும். அதற்கு மேலே நெற்றி என்று நானே முடிவு செய்துகொண்டு, தளதளவென்று குழைத்த சந்தனத்தை வைத்து, நடுவில் பெரிய குங்குமப் பொட்டும் வைத்தேன். சந்தனம் கொஞ்சம் வழிந்தது. வழிந்தது கூட லட்சணமாக இருப்பதாகத்தான் தோன்றியது.

வியாழக்கிழமை காலை குளித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். எப்போதும் முதலில் துண்டுத்துணியில் ஒரு கோடு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நல்ல துணியில் கை வைப்பேன். ஆனால் பட்டறையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: பூஜைக்கு மறுநாள் முதல் வேலையைப் புது இரும்பில்தான் தொடங்குவோம், கழிவு இரும்பில் தொடங்க மாட்டோம். அந்த நினைப்பில், முதல் தையலையே நல்ல துணியில் போடலாம் என்று கவுனின் மேல் உடம்பை எடுத்து, இடது பக்கத் தையலை ஓட்டிவிட்டேன். மேலே பார்க்க முத்து கோர்த்த மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் நூல் கொத்துக் கொத்தாக, துவைத்த தலைமுடி சீப்பில் சுருண்டுகொண்ட மாதிரி கிடந்தது.

பருத்தி என்றால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம், யாருக்கும் தெரியாது. பட்டு அப்படி இல்லை. ஊசி போன இடமெல்லாம் ஓட்டை நிற்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தேன். பிரித்த நூலில் அங்கங்கே லேசாக ரோஜா நிறம் தெரிந்தது. என் நெற்றியில் இருந்த குங்குமம் கையில் பட்டு ஒட்டியிருக்கும் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். அப்போதே நின்று யோசித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஓட்டை வரிசையை மறைக்க ஒரு வழி இருந்தது. அரைக்கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தால், பழைய ஓட்டைகள் மடிப்புக்குள் போய்விடும். ஆனால் அதை ஒரே ஒரு தடவைதான் செய்யலாம். இன்னொரு தடவை பிரித்து உள்ளே தள்ளினால் கவுன் பிள்ளைக்கு நெஞ்சில் பிடிக்கும். ஆக இன்னும் ஒரு தையல்தான் எனக்குப் பாக்கி. அதனால் மெஷின் சரியாகும்வரை அந்தப் பட்டைத் தொடுவதில்லை என்று மடித்து வைத்தேன்.

சுருள் அடியில் வருகிறது, எனவே கோளாறு அடியில்தான் என்று முடிவுகட்டினேன். முப்பது வருடம் இரும்போடு வாழ்ந்தவனின் மூளை. அடி மூடியைத் திறந்து, அடிநூல் சுற்றிய பாபினை எடுத்து, அது உட்காரும் பாபின் கேஸின் சின்னத் திருகை இறுக்கினேன். சரியாகவில்லை. தளர்த்தினேன். இன்னும் மோசம். ஊசியை மாற்றினேன், பஞ்சைத் தட்டினேன், எண்ணெய் விட்டேன், மறுபடி இறுக்கினேன். துண்டுத்துணிகள் காலடியில் குவிந்தன. மத்தியானம் மாடியிலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, எந்த அளவுல இருக்கு?"

"போய்க்கினே கீதும்மா" என்றேன். பொய் இல்லை. என் உயிர் போய்க்கொண்டுதான் இருந்தது.

அவர் மேலே போனதும் என் மனைவி குனிந்து ஒரு துண்டுத்துணியை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நாளைக்கு காலைல கரையான்சாவடி போலாம். நானும் வரேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் திட்டாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலை மெஷினின் தலையை மட்டும் கழற்றினேன். பழைய லுங்கியில் சுற்றி, ஸ்கூட்டரில் என் கால்களுக்கு நடுவில் வைத்தேன். திருவேற்காடு தாண்டி, மெட்ரோ தூண்களுக்கு அடியில் லாரிகளோடு லாரியாக ஊர்ந்து போனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்னாலிருந்து என் தோளில் ஒரு குத்து விழுந்தது. "மெதுவாய்யா. உள்ளுக்குள்ள எதுனா கழண்டுக்கப் போவுது." "எதோட உள்ளுக்குள்ள?" என்று கேட்டேன். "ரெண்டுத்துக்கும்தான்" என்றாள்.

கடை பூட்டியிருந்தது. ஷட்டரில் காய்ந்த வாழைக்கன்று, வாசலில் உடைத்த பூசணி. பூஜைக்குச் சாத்தியவர் திறக்கவே இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "திங்கக்கெழமதான் நைனா வருவாரு. மாமியார் ஊட்டுக்குப் போய்கீறாரு. அங்க கறிச்சோறு போடறவரைக்கும் எழுந்திரிக்க மாட்டாரு."

திங்கட்கிழமை. என் மனைவிதான் ஷட்டரில் எழுதியிருந்த நம்பரை என் போனில் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். நாலாவது மணியில் எடுத்தார்.

"யாரு, தேங்காண்ண அண்ணாத்தேவா?"

தேங்காய் எண்ணெய் அண்ணாத்தே என்றுதான் என் நம்பரைப் பதிந்து வைத்திருக்கிறார் போல. டீக்கடையில் நின்றிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். பட்டு, ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு தையல் பாக்கி, எல்லாவற்றையும். அந்தப் பக்கம் ஏதோ மென்றுகொண்டே கேட்டார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார்.

"மெஷின் எங்க கீது?"

"தோ, உன் கடை வாசல்ல, ஸ்கூட்டர் சீட்டு மேல."

"சுருளு அடியில வருதா, மேல வருதா?"

"அடியில."

"அப்ப அடியில ஒண்ணும் இல்ல. மேல பாரு. அடியில சுருண்டா மேல் நூலு லூசுன்னு அர்த்தம். அதுக்கு வயித்து வலின்னு நீ வயித்தையே தடவிகினு கீற, கோளாறு தலையில. நூலு எடுத்தாந்தியா?"

நான் எடுத்து வரவில்லை. என் மனைவி கைப்பையிலிருந்து வெள்ளை நூல்கண்டை எடுத்து நீட்டினாள். "தெரியும் எனுக்கு" என்றாள்.

லுங்கியை விரித்து, சீட்டின்மேல் மெஷினை நிறுத்தி, அவர் சொல்லச் சொல்ல நூலைக் கோத்தேன். டீக்கடைக்காரர் கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா நைனா, நடுரோட்டுல ஆப்ரேசனா?"

"துணிய அழுத்துற கால் இருக்குல்ல, அத்த கீழ இறக்கு" என்றது போன். "இப்ப நூல இழு. தூண்டில்ல மீனு மாட்ன மாதிரி கெட்டியா வருதா?"

இழுத்தேன். சும்மா வழுவழுவென்று வந்தது, தண்ணீரிலிருந்து இழுப்பது மாதிரி.

"இல்ல தம்பி. மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்ப அந்த குமிழுக்குப் பின்னாடி ரெண்டு தட்டு கீது பாரு, அதுதான் நூல புடிக்கும். அதுங்க ஒட்டல. நடுவுல இன்னாவோ மாட்டிகினு கீது. குனிஞ்சி பாரு."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தேன். இரண்டு வட்டத் தட்டுகளுக்கும் நடுவில், மஞ்சளாக, காய்ந்து ஓடு மாதிரி இறுகி, ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு.

என் மனைவியும் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தாள், மெஷினின் நெற்றியைப் பார்த்தாள்.

"தம்பி, சந்தனம்" என்றாள் போனைப் பார்த்து.

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ சொல்வது கேட்டது: "போன தடவ தேங்காண்ண, இந்த தடவ சந்தனம். அடுத்து பூ வெச்சிகினு வருவாரு." உள்ளே ஒரு கூட்டமே சிரித்தது. மாமியார் வீடு முழுக்க.

சிரித்து முடித்ததும் நல்ல மனிதராக வழி சொன்னார். குமிழைக் கழற்றவே கூடாது, ஸ்பிரிங் பறந்து சாக்கடைக்குள் போய்விடும். துணியை அழுத்தும் காலைத் தூக்கினால் தட்டு இரண்டும் தானாக விலகும். அப்போது மெல்லிய துணி ஓரத்தை ஈரமாக்கி, நடுவில் விட்டு, முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். டீக்கடைக்காரர் ஒரு கிளாசில் வெந்நீர் கொண்டுவந்தார். என் மனைவி தன் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தாள். இழுக்க இழுக்க முதலில் மஞ்சள் வந்தது, பிறகு சிவப்பு வந்தது, கடைசியில் வெறும் ஈரம் வந்தது. உலர்ந்த ஓரத்தால் நன்றாகத் துடைத்தேன். நூலைப் போட்டு, காலை இறக்கி, இழுத்தேன்.

"தம்பி, மீனு கீது" என்றேன்.

"சோக்கு. சரி, மெய்யாலுமே சொல்லு அண்ணாத்தே, அடியில எதுனா நோண்டுனியா?"

நான் தொண்டையைச் சரிசெய்வதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "நேத்து பூரா நோண்டினாரு."

அதற்கும் வழி சொன்னார். பாபின் கேஸை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். தானாக இறங்கினால் திருகு லூஸ். கையை ஒரு வெட்டு வெட்டினாலும் இறங்காவிட்டால் டைட். ஒரு வெட்டுக்கு ஒரு அங்குலம் இறங்கி நின்றால் அதுதான் சரி. ரோட்டோரத்தில் நின்று சிலந்தியை ஆட்டுவது மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தேன். கால்வாசித் திருப்பம், இன்னும் கொஞ்சம், மறுபடி கொஞ்சம் பின்னால். ஆறாவது தடவை, இறங்கி நின்றது. டீக்கடைக்காரர் எங்களுக்கு இரண்டு டீ போட்டுக் கொடுத்து, "நல்லா சர்க்கர போட்டிருக்கேன். நீ கைய நடுங்க உடாத" என்றார்.

வீட்டுக்கு வந்து தலையை மாட்டி, பெல்ட்டை ஏற்றி, இந்தத் தடவை முதலில் துண்டுத்துணி. அந்தப் புடவையிலிருந்தே விழுந்த கீற்று ஒன்று இருந்தது, அதில் ஓட்டினேன். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியவில்லை. என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "தை" என்றாள்.

இடது பக்கத் தையல். அரைக்கால் அங்குலம் உள்ளே. பெடலை மிதிக்காமல், வீலைக் கையாலேயே சுற்றி முதல் பத்து கண்ணி போட்டேன். திருப்பிப் பார்த்தேன். மறுபடி பத்து. அப்புறம்தான் காலை வைத்தேன். முடிவுவரை போய் நூலை வெட்டியபோது என் பனியன் நனைந்திருந்தது. பழைய ஓட்டை வரிசை மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. மடிப்பின் உட்பக்கம் கடுகளவு ஒரு ரோஜாப் புள்ளி இருந்தது. தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், போகவில்லை. மேலே தெரியாது. ஆனால் இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் கவுன் ஆகிவிட்டது. சரிகை பார்டர் அடியில் வளைந்து வளைந்து வந்தது. சனிக்கிழமை காலை பிள்ளை போட்டுப் பார்த்து, ஒரு சுற்று சுற்றி, கூடத்து நாற்காலியைக் கவிழ்த்தது. நெஞ்சில் பிடிக்கவில்லை. கையைத் தூக்க முடிந்தது. மூச்சு விட முடிந்தது. எனக்கும்தான்.

அந்தப் பெண் கவுனை உட்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி நின்றது.

"அண்ணா, இது என்ன?"

வேறு வழியில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைவரை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மெஷினின் மூக்கு, நெற்றி, வெந்நீர், மாமியார் வீட்டுச் சிரிப்பு. அவர் முகத்தில் முதலில் பயம், பிறகு நடுவில் எங்கேயோ உதட்டைக் கடித்துக்கொண்டார். "போய்க்கிட்டே இருக்குன்னு சொன்னீங்களே அண்ணா" என்றார்.

"போச்சும்மா. பூந்தமல்லி ரோடு வரைக்கும் போச்சு."

அவர் அந்தப் புள்ளியை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். "உள்ளதானே" என்று சொல்லி மறுபடி பெட்டியை வைத்தார்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு லாரிக்காரர் வந்தார். இருபது நாள் தூசி, கையில் நாக்பூர் ஆரஞ்சு ஒரு பை. எங்கள் கூடத்தில் ஹேங்கரில் கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தவர், கவுனைப் பார்த்தார். கிட்டே போனார். கையில் அழுக்கு என்று தொடாமல், முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்டரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தப் பெண் என் மனைவிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"இந்த பார்டருக்காக அன்னிக்கு அந்தக் கடைக்காரன்கிட்ட எவ்ளோ சண்ட போட்டேன்" என்றார். "அகலமா வேணும், அகலமா வேணும்னு." பிறகு நிமிர்ந்து, "கொஞ்சமாச்சும் மிச்சம் வெச்சியா?" என்று கேட்டார்.

"ஒரு துண்டு இருக்கு" என்றார் அந்தப் பெண்.

"குடு. லாரியில மாட்டி வெக்கிறேன்."

அவ்வளவுதான். குளிக்க மாடிக்குப் போய்விட்டார். பெண்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி ஆரஞ்சுப் பையை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை நாங்களும் கோயிலுக்குப் போனோம். நாற்பது பிள்ளைகள் வெள்ளையில் வரிசையாக வந்தார்கள். எனக்கு ஒரே ஒரு இடது பக்கத் தையல்தான் கண்ணில் தெரிந்தது.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தோடு கூடத்துக்குள் வரும்போது, மெஷினுக்கு முன்னால் மாடிவீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை.

"அண்ணா, கிண்ணத்த கீழ வைங்க. இத ஒட்டுங்க. காயாது, வழியாது."

"சாமிக்கு ஸ்டிக்கரா?" என்றேன்.

"யோவ், சாமி ஒண்ணும் சொல்லாது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "கரையான்சாவடித் தம்பிதான் சொல்லுவான்."

மெஷினின் சக்கரத்துக்கு நடுவில், எந்த நூலும் எந்த எண்ணெயும் போகாத இடமாகப் பார்த்து, சிவப்பாக ஒன்றை ஒட்டினேன். இன்னும் இருக்கிறது. பெடலை மிதித்தால் அதுவும் சுற்றும். இப்போது அதே பிள்ளையின் பள்ளிப் பாவாடைக்கு அடிமடிப்பை அவிழ்த்து இறக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று விரல் வளர்ந்துவிட்டது.